மஞ்சள் நிறம் எக்காளம் ஊதும்... தெரியுமா?

வெளிர்நீலம் புல்லாங்குழல்! கருநீலம் செல்லோ! மஞ்சளோ காதைத் துளைக்கும் எக்காளம்! 1911 டிசம்பரில் மியூனிக்கில் வெளியான ஒரு கலை நூல் நிறங்களுக்கு இப்படித்தான் ஓசை பிரித்துக் கொடுக்கிறது. எழுதியவர் வாசிலி காண்டின்ஸ்கி. ஆளும் மரமும் வீடும் இல்லாமல், வெறும் நிறத்தையும் கோட்டையும் வைத்தே ஓவியம் தீட்டலாம் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர். 1866இல் மாஸ்கோவில் ஒரு தேயிலை வியாபாரிக்கு மகனாகப் பிறந்து, ஒடெசாவில் பியானோவும் செல்லோவும் பழகி வளர்ந்தவர். அவர் வாழ்க்கையில் வியப்புக்குப் பஞ்சமே இல்லை!

30 வயதில் தூரிகை!

படித்தது சட்டமும் பொருளாதாரமும். 1896இல் இன்றைய எஸ்டோனியாவில் உள்ள தார்த்து பல்கலைக்கழகத்து வேலை வீடு தேடி வந்தது. வேண்டாம் என்று உதறிவிட்டு, ஓவியம் கற்க மியூனிக்குக்குப் போய்விட்டார் மனிதர்! அங்கே ஃபிரான்ஸ் ஃபான் ஸ்டுக் பெரிய ஆசிரியர். முதல் முயற்சியில் அவரிடம் இடம் கிடைக்கவில்லை. பிறகு சேர்த்துக்கொண்டவர் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? நிறங்களைக் கொஞ்ச காலம் மூட்டை கட்டிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் வரையச் சொன்னார். யாரிடம்? நிறத்துக்கு ஓசை கண்ட காண்டின்ஸ்கியிடம்!

வைக்கோற்போர் செய்த மாயம்

மியூனிக்குக்குக் கிளம்பும் முன்பு மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியக் கண்காட்சி. ஓவியர் மோனேயின் படம் ஒன்றின் முன்னால் நின்றவருக்கு அது என்னவென்றே புலப்படவில்லை. பட்டியலைப் புரட்டிய பிறகுதான் வைக்கோற்போர் என்று தெரிந்தது. இப்படிப் புரியாமல் வரையலாமா என்று முதலில் எரிச்சல். ஆனால் படமோ மனத்தை விட்டு அகல மறுத்தது! பொருள் பிடிபடாமலே ஒரு படம் ஆளைப் பிடித்துக்கொள்ளுமா? அந்தக் கேள்வி அன்று முளைத்ததுதான்.

சாய்ந்து கிடந்த அதிசயம்

விடை கிடைத்தது எங்கே தெரியுமா? அவருடைய சொந்த ஓவியக்கூடத்தில்! ஒருநாள் அந்தி மங்கும் நேரம் உள்ளே நுழைகிறார். சுவரோரம் சொல்லமுடியாத அழகோடு ஒரு படம் ஒளிர்கிறது. என்ன பொருள் என்று தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், அவரே வரைந்த படம், பக்கவாட்டில் நிற்கிறது! மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே மயக்கத்தை மீட்கப் பார்த்தார், நடக்கவில்லை. பொருள்கள் அடையாளம் தெரிந்துவிட்டன அல்லவா! பொருள்தான் படத்தைக் கெடுக்கிறது என்று அவருக்கு உறைத்தது அப்போதுதான்.

அடையாறு வரை நீளும் நூல்!

உருவத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? ஆன்மாவின் அதிர்வை என்றார் காண்டின்ஸ்கி. அதற்காக அவர் படித்தவற்றில் பிரம்மஞான சபையார் எழுத்துகளும் உண்டு. ஆம், நம் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான்! 1911இல் வந்த அந்த நூலில் சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரின் பெயரையே குறிப்பிடுகிறார்.

கச்சேரி கேட்டார், மஞ்சள் கொட்டினார்!

1911 ஜனவரி 2. மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சி. பழைய சுரக்கட்டுகளை உதறிய அந்த இசையைக் கேட்டுவந்த சூட்டோடு காண்டின்ஸ்கி தீட்டியதில், கரிய பியானோவைச் சுற்றி மஞ்சள் வெள்ளம்! 1913இல் வந்ததோ 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலத்தில் 'காம்போசிஷன் 7'. முன்னோட்டமாக 30க்கும் மேற்பட்ட வரைவுகள். பெரிய திரையை முடித்ததோ நான்கே நாளில், நவம்பர் 25 முதல் 28க்குள்! கூட வாழ்ந்த ஓவியர் கேப்ரியேல் மூன்டர் அதைக் கட்டம் கட்டமாகப் படம் பிடித்து வைத்தார்.

குரலுக்கு ஓர் ஓவியம்

1914இல் போர் மூண்டது. ரஷ்யர் என்பதால் ஜெர்மனியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. மாஸ்கோவில் தொலைபேசியில் ஒரு பெண்குரல். முகம் பார்க்கும் முன்பே அந்தக் குரலுக்காக நீர்வண்ணப் படம் தீட்டிவிட்டார்! குரலுக்குரிய நீனாவை 1917இல் மணந்தும் கொண்டார்.

முக்கோணத்துக்கு என்ன நிறம்?

1922இல் வைமார் நகரத்து பௌஹௌஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். முக்கோணம், சதுரம், வட்டம்: எதற்கு எந்த நிறம் பொருந்தும் என்று பள்ளியில் இருந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்தார்! பெரும்பாலோர் சொன்னது முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம். காண்டின்ஸ்கியின் கணக்கும் அதுவே! அந்த 1922 டிசம்பரிலேயே அவர் படைப்புகள் கடல் கடந்து கல்கத்தாவில் ஒரு கண்காட்சிக்கு வந்துவிட்டன, தெரியுமா? பௌஹௌஸ் கலைஞர்களின் படைப்புகளோடு ககனேந்திரநாத் தாகூரின் ஓவியங்களும் அந்தக் கண்காட்சியில் இடம்பெற்றன.

நிலவறையில் பதுங்கிய நிறங்கள்

1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹௌஸ் மூடப்பட, பாரிஸுக்குப் போனார். 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 57 படைப்புகளைப் பறித்தார்கள். 1944 டிசம்பர் 13 அன்று பாரிஸை அடுத்த நெயியில் காலமானார்.

ஆனால் பெரிய புதையல் ஒன்று நாஜிகளின் கையில் சிக்கவே இல்லை! காண்டின்ஸ்கியின் ஆரம்பகால ஓவியங்களை முர்னாவ் ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஒளித்துக் காத்தவர், அவர் கைவிட்டுப் போன அதே மூன்டர். தன் 80ஆவது பிறந்தநாளை ஒட்டி 1957இல் எல்லாவற்றையும் மியூனிக் நகரத்துக்கே கொடுத்துவிட்டார். அங்குள்ள லென்பாக்ஹௌஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால், அந்த மஞ்சள் கச்சேரி ஓவியம் உட்பட அவற்றை இன்றும் பார்க்கலாம்!