எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு

உங்களுக்குத் தெரியுமா?

முழங்கால் தேய்மானத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதே இல்லை! தெரிவது எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். அது குறுகியிருந்தால் குருத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஆனால் மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ ஜவ்வு விலகினாலும் இடைவெளி குறையும். நின்றபடி, உடல் எடை காலில் இறங்கும் நிலையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இந்த இடைவெளியைச் சரியாகப் பார்க்கத்தான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் குருத்தெலும்பையே நேராகக் காட்டிவிடும். படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விளிம்பு வரைந்து, தடிமனையும் கனஅளவையும் கணினி கணக்கிடுகிறது. மொத்தத் தடிமனே சில மில்லிமீட்டர்தான். ஓராண்டுத் தேய்மானம் அதில் மிகச் சிறு பங்கு. அதையும் பிடிக்க முடிவது உண்மையிலேயே பெரிய சாதனை. எம்.ஆர்.ஐ.யிலேயே எடுக்கும் ‘டி2’ என்னும் அளவீடு இன்னும் ஒரு படி முன்னே போகிறது: தடிமன் குறையும் முன்பே, உள்ளிருக்கும் நீரிலும் கொலாஜன் இழைகளிலும் ஏற்படும் மாற்றத்தை உணர்த்துகிறது. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, தொடக்கத் தேய்மானம் வலிக்காமலே நடக்கலாம் என்பதால் இந்த முன்னறிவிப்புக்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, 45 முதல் 79 வயது வரையிலான 4,796 பேரின் முழங்கால்களை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்தது. அந்தப் படங்கள் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்து விடப்பட்டுள்ளன.