துணி மடிப்பும் தேய்ப்புத் தூரிகையும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே அவ்விடத்தில் கோட்டையும் எழுப்பினர். அப்பேரழிவின்போது மண்ணுள் மறைத்துக் காக்கப்பட்டனவென்று கருதப்படும் செப்புத் திருமேனிகள் சில, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மறைந்து கிடந்து, 1950 ஆம் ஆண்டில் கிணறு ஒன்று தோண்டப்பட்டபோது வெளிப்பட்டன. இறைவன், இறைவி, பிள்ளையார் ஆகியோரின் உருவங்கள் அவற்றுள் அடங்கும். புதிதாக எழுப்பப்பெற்ற கோயிலில் 1963 இல் குடமுழுக்கு நடைபெற்றது. அத்திருமேனிகளையும், அவற்றைப் போன்ற பழஞ்சிற்பங்களையும் இக்காலத்தில் கணினித் திரையில் வரைய விழைவோர் பலர். அவர்கள் பெரிதும் இடர்ப்படுவது ஆடையின் மடிப்பை வரையும் இடத்திலேயே.

செப்புத் திருமேனி முதலில் மெழுகில் பிறக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைச் சிற்பி அனலில் காட்டி இளக்குகிறான்; விரலாலும் சிறு கருவியாலும் தள்ளியும் இழுத்தும் உருவமைக்கிறான். பின்னர் அம்மெழுகுருவின்மேல் களிமண் பூசிச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகம் வார்க்கப்படுகிறது. இளகிய பொருளை விரலால் நகர்த்தி மேடும் பள்ளமும் ஆக்கும் இப்பழைய செயலையே கணினி ஓவியத்தில் ஸ்மட்ஜ் எனப்படும் தேய்ப்புத் தூரிகை வேறொரு வகையில் செய்கிறது. சிற்பி மெழுகை நகர்த்துகிறான். ஓவியன் வண்ணத்தை நகர்த்துகிறான்.

இத்தூரிகையின் இயல்பு யாது? சாதாரணத் தூரிகை புதிய வண்ணத்தை இடுவது. தேய்ப்புத் தூரிகையோ, வழக்கமான அமைப்பில், தானாக எந்த வண்ணத்தையும் கொண்டு வருவதில்லை. அது தொட்ட இடத்திலுள்ள வண்ணத்தை எடுத்து, கை இழுக்கும் திசையில் கொண்டு செல்கிறது. கரிக்கோலால் வரைந்த கோட்டை விரலால் தேய்க்கும்போது கரி பரவுவதை ஒத்தது இது. 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷொப் என்னும் மென்பொருளிலும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப், கிரிட்டா ஆகியவற்றிலும் இக்கருவி உண்டு. அதன் வலிமையை நூற்றுவீதமாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும். வலிமை மிகுந்தால் எடுத்த வண்ணம் நெடுந்தூரம் செல்லும். குறைந்தால் சிறிது தூரத்திலேயே அடுத்த வண்ணத்தோடு கலந்து மறையும்.

கருவியை அறிவதற்கு முன்னர் மடிப்பை அறிதல் வேண்டும். துணி தானாக மடிவதில்லை. ஏதோ ஓரிடத்தில் அது பிடிக்கப்பட்டிருக்கும். மற்றோரிடத்தில் அதன் எடை கீழ்நோக்கி இழுக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட போராட்டமே மடிப்பு. துறைமுக வீதியில் கயிற்றில் காயும் சாரத்தை நோக்கினால் இவ்வுண்மை புலப்படும். கயிற்றின் மேல் கிடக்கும் இடத்திலிருந்து நேர்க்குழல் போன்ற மடிப்புகள் கீழே இறங்குகின்றன. சேலையின் கொசுவம் இடுப்பில் செருகப்பட்ட ஓரிடத்தில் நெருங்கித் தொடங்கி, பாதத்தை நெருங்க நெருங்க விசிறிபோல் விரிகிறது. முழங்கை மடங்குமிடத்தில் சட்டைத்துணி நெளிந்து குறுக்கு மடிப்புகளாகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் நடப்பவளின் முந்தானை, தோளில் பிடிப்பும் நுனியில் விடுதலையும் பெற்று அலையாகிறது. எங்கே பிடிப்பு, எங்கே இழுப்பு என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே தூரிகையை எடுத்தல் தகும்.

அடுத்து, மடிப்பு என்பது கோடு அன்று. ஒளியை நோக்கியிருக்கும் மேடு வெளிறித் தோன்றும். ஒளிக்கு மறைந்த பள்ளம் இருண்டிருக்கும். இவ்விரண்டையும் இணைக்கும் சரிவு இடைநிறம் கொள்ளும். ஆதலால் ஓவியன் முதலில் துணியின் பரப்பு முழுவதையும் இடைநிறத்தால் நிரப்புகிறான். ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று முடிவு செய்கிறான். பின்னர்ப் பள்ளங்களில் இருண்ட நிறத்தையும் மேடுகளில் வெளிறிய நிறத்தையும் பட்டைகளாக இடுகிறான். இந்நிலையில் துணி, மரத்தில் செதுக்கியதுபோல் முரடாகவே இருக்கும். அதனால் அஞ்ச வேண்டுவதில்லை.

இப்பொழுதே தேய்ப்புத் தூரிகைக்கு வேலை. பிடிப்புள்ள இடத்தில் தொடங்கி, மடிப்பு ஓடும் திசையிலேயே நீண்ட இழுப்புகளாகத் தேய்த்தால், இருளும் ஒளியும் நுனியில் மெலிந்து துணியின் ஓட்டம் தோன்றும். பின்னர் வலிமையைக் குறைத்து, இருளிலிருந்து ஒளியை நோக்கிக் குறுக்கே சிறு சிறு அசைவுகளாகத் தேய்த்தால் சரிவு உருளை வடிவம் பெறும். ஆனால் மடிப்பின் இருபுறத்தையும் ஒன்றுபோல் மென்மையாக்குதல் கூடாது. ஒரு மடிப்பு மற்றொன்றன்மேல் கவியும் விளிம்பு கூர்மையாகவே நிற்க வேண்டும். மறுபுறம் மட்டுமே மெல்ல மறைய வேண்டும். ஒருபால் கூர்மை, ஒருபால் மென்மை என்னும் இவ்வேறுபாடே கண்ணுக்கு ஆழத்தை உணர்த்துகிறது. இறுதியில் தேய்ப்புத் தூரிகையை வைத்துவிட்டு, மிக ஆழ்ந்த பள்ளத்தில் ஓர் இருண்ட கோடும், மிக உயர்ந்த மேட்டில் சிறிது ஒளியும் சாதாரணத் தூரிகையால் இட்டு நிறுத்துவது நன்று.

பயில்வோர் செய்யும் பெரும்பிழை அளவுக்கு மீறித் தேய்ப்பது. மென்மையே அழகு என்றெண்ணி எங்கும் தேய்த்தால் துணி புகையாகிவிடும். துணியின் வகையும் நோக்கத்தக்கது. பட்டில் ஒளி கூர்மையாகத் துள்ளும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிற வேறுபாடு மிகுதி. துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியில் ஒளி பரவி அடங்கும். ஆகவே பட்டுக்குக் குறைவாகவும் பருத்திக்குச் சற்றே மிகுதியாகவும் தேய்ப்பது பொருந்தும். எண்ணெய் வண்ணம் விரைவில் உலராமையால், இரவிவர்மா போன்ற ஓவியர் சேலை மடிப்புகளை ஈரத்திலேயே குழைத்து வரைய முடிந்தது. திரையில் வண்ணம் உலர்வதே இல்லை. அவ்வசதியே, எங்கே நிறுத்துவது என்பதை அறியாதவனுக்கு இடையூறாகிறது.

இனி, கோயிற் சிற்பங்களை வரைவோர் கருத வேண்டிய ஒன்றுண்டு. சோழர் காலப் பாணியிலமைந்த செப்புத் திருமேனியில் ஆடை உடலோடு ஒட்டியே அமையும். மெல்லிய விளிம்பும், செதுக்கிய சில வரிகளுமே அங்கு ஆடை உண்டென்று அறிவிக்கின்றன. அவ்வரிகளைத் தேய்த்துப் பருத்த மடிப்புகளாக்கினால் படம் கவர்ச்சி பெறக்கூடும். சிற்பியின் கருத்தோ அழிந்துபோகும். தேய்மானம் கண்ட கற்சிற்பத்தின் நிழற்படத்தைக் கணினியில் சீர்செய்வோருக்கு இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். தேய்ப்புத் தூரிகை அருகிலுள்ள வண்ணத்தைப் பரப்புமேயன்றி, காலம் அழித்ததை மீட்டுத் தராது. சிதைந்த மடிப்பை அது நிரப்பும்போது தோன்றுவது இன்றைய ஓவியனின் கற்பனை. அது பழஞ்சிற்பத்தின் சான்றாகாது. அப்படம் கைமாறிச் சென்ற பின்னர், எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவார் யார்?

இதற்கு வழி எளிது. மூலப்படத்தை ஒருபோதும் தொடாமல் அடியில் வைத்து, தேய்ப்பதையெல்லாம் அதன்மேல் தனிப் படலத்தில் செய்தல் வேண்டும். வேண்டும்போது அப்படலத்தை மறைத்தால் உண்மை உருவம் வெளிப்படும். வெளியிடும்போது, நிரப்பப்பட்ட பகுதி இன்னதென்று குறிப்பிடுதலும் கடமை. கோயிலே இடிக்கப்பட்டுக் கல்லெல்லாம் சிதறுண்ட ஓரூரில், எஞ்சியிருக்கும் வரி ஒவ்வொன்றும் அருமையானது. அவ்வரியை அழியாமல் விட்டுவைக்கக் கற்ற கைக்கே தேய்ப்புத் தூரிகை நல்ல துணையாகும்.