உஷார்! மலையடிவாரத்தில் இருக்கிறோம் என்று ‘மிகக் கடின உழைப்பை’ அமத்திவிடாதீர்கள்

எடை குறைக்க வேண்டுமென்று போனில் கலோரிக் கணக்கு ஆப் இறக்கியிருக்கிற நல்லதண்ணிக்காரர்களே, இன்றைக்கே அதைத் திறந்து ஓர் இடத்தைப் பாருங்கள். வயது, உயரம், எடை எல்லாம் கேட்ட பிறகு, அன்றாட உழைப்பு எந்த அளவு என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அதில் ‘மிகக் கடினம்’ என்று அமத்தியிருந்தால் உஷார்! பட்டினி கிடந்தும் எடை இறங்காததற்குக் காரணம் அந்த ஒரு பொத்தானாக இருக்கலாம்.

நாற்பது வயது, 65 கிலோ, 152 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அநேக ஆப்கள் பயன்படுத்துகிற, 1990இல் வெளிவந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, சும்மா படுத்திருந்தாலே அவர் உடம்பு நாளுக்குச் சுமார் 1,240 கலோரி செலவழிக்கும். இதை ஆப் ஓர் எண்ணால் பெருக்குகிறது: லேசான உழைப்புக்கு 1.375, மிகக் கடின உழைப்புக்கு 1.725. முதலாவதில் 1,700 கலோரி வரும், இரண்டாவதில் 2,140. அவர் மஸ்கெலியாவில் ஒரு கடையில் காசு வாங்கிப் போடுகிறவர் என்றால் முதலாவதுதான் உண்மைக்குக் கிட்ட. ஆனால் இரண்டாவதை அமத்திவிட்டு, அதில் 500 கலோரி குறைத்து 1,640 சாப்பிடுகிறார். மெய்யான குறைப்பு எவ்வளவு? வெறும் 60. ஒரு பிளேன்டீக்கு மூன்று நாலு கரண்டி சீனி போட்டால் அதுவும் சரியாகிப் போகும்.

இந்தப் பிழை எங்கள் பக்கம் சுலபமாக நடக்கும். வீட்டு வாசலை விட்டால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அம்மா விடியலில் பெரட்டுக்குப் போனவர், கொழுந்துக் கூடையோடு மலை ஏறினவர். நாமும் உழைக்கிற சனம்தானே என்ற நினைப்பு இரத்தத்தில் இருக்கிறது. அந்த நினைப்பில் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அம்மாவின் கூடை மகளின் கலோரிக் கணக்கில் ஏறாது. ஓட்டோ ஓட்டுகிறவரும் ஏற்றத்தில்தான் போகிறார், எரிவது பெற்றோல்.

‘நான் சிவனொளிபாத மலை ஏறுகிறவன்’ என்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், கிட்டத்தட்ட 1,000 மீற்றர் ஏற்றம். 65 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான வேலை ஏறக்குறைய 150 கலோரி. தசைகள் செலவழிக்கிற சக்தியில் நாலிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் வேலையாக மாறும், மிச்சம் சூடாகப் போகும். ஆக ஏறுவதற்கு 600 முதல் 750 கலோரி, இறங்குவதற்கு இன்னும் கொஞ்சம். கால் இரண்டு நாளைக்கு வலிக்கிற வலிக்கு இது அநியாயக் குறைச்சல்தான், என்ன செய்வது! ‘லேசான உழைப்பி’லிருந்து ‘மிகக் கடின’த்துக்குத் தாவினால் ஆப் கொடுக்கிற கூடுதல் சலுகை வாரத்துக்கு 3,000 கலோரிக்கு மேல். அதைச் சம்பாதிக்க ஒவ்வொரு வாரமும் நாலு தடவையாவது உச்சிக்குப் போய் வர வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

சீசன் ஆட்களுக்கு வேறொரு பொறி. டிசம்பர் போயா தொடங்கி வெசாக் வரை படிக்கட்டுக் கடைகளுக்குச் சாமான் சுமக்கிறவர்களும், விடுதிகளில் இரவு பகல் பாராமல் ஓடுகிறவர்களும் மெய்யாகவே கடின உழைப்பாளிகள். அப்போது அமத்தினது சரி. வெசாக் முடிந்து, மழை பிடித்து, சனம் வராமல் கடை வாசலில் குந்தியிருக்கும் மாதங்களிலும் போன் அதே எண்ணால்தான் பெருக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் மாற்றினாலொழிய அது மாறாது.

கையில் கட்டுகிற ஸ்மார்ட் வோச் இருக்கிறதே என்பீர்கள். 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னவை, செலவான கலோரியில் கவிழ்ந்தன. இருந்ததில் நல்லதே 27 வீதம் பிசகியது. மோசமானது 93 வீதம். மனிதர்களும் குறைந்தவர்கள் இல்லை. சாப்பாட்டைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை 1992இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, தின்றதைச் சராசரியாக 47 வீதம் குறைத்தும், உழைத்ததை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல், பொத்தானிலும் உழைப்பைச் சேர்த்து, வோச் காட்டுகிற நடையையும் தனியாகக் கூட்டினால் ஒரே வேலைக்கு இரண்டு பேர் போட்ட மாதிரி.

இனி எதிர்ப்பக்கம். இதுதான் எனக்கு அதிகப் பயம். கொழுந்து பறிக்கிற ஒருவர், ‘நான் ஜிம்முக்குப் போவதில்லையே, உடற்பயிற்சி எதுவும் செய்வதில்லையே’ என்று ‘உட்கார்ந்த வாழ்க்கை’யை அமத்திவிடுவார். நாள் முழுக்கச் சரிவில் நின்று, நிறுவைக்குப் பாரம் சுமக்கிற வேலை ஆப்பின் கண்ணில் படாது. அது 1.2ஆல் பெருக்கி, 500 கழித்து, ஆயிரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து விடும். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் வகுத்த அளவில், மிதமான உழைப்புள்ளவருக்கே இந்த எண் 1.70க்குக் குறையாது. ரொட்டியும் சம்பலும்கூட அளந்து தின்று, இரத்தம் குறைந்து மலையில் மயங்கி விழவா இந்த ஆப்? பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கிற தாயும் இந்தப் பக்கமே போகக்கூடாது.

கடையிலும் ஒபீசிலும் இருப்பவர்கள் ‘லேசான உழைப்பை’ வைத்துத் தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து, மூன்று வாரம் கழித்துச் சராசரியைப் பாருங்கள். இறங்கவில்லையா, ஆப் என்ன சொன்னாலும் கணக்கு பிழை. சாப்பாட்டில் 150, 200 கலோரி குறையுங்கள். வேகமாக இறங்கினால் கூட்டுங்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் ஒரு ரொட்டியைக்கூடக் குறைக்க வேண்டாம். குளிசை அதே அளவு, சாப்பாடு பாதி, வேலை மலையில் என்றால் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, குளிர் நேரத்திலும் வியர்த்து, கண் இருட்டினால் கூடையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு உட்காருங்கள். பக்கத்து நிரையில் நிற்பவரைக் கூப்பிட்டு, நிறையச் சீனி போட்ட தேத்தண்ணி வாங்கிக் குடியுங்கள். அன்றைக்குக் கலோரி எண்ண வேண்டாம்.