கீசருக்கு அடியில் சொட்டும் குட்டி வால்வு... அடைச்சுடாதீங்க!

பாத்ரூம் கீசருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகும் குழாயில் சின்னதாக ஒரு வால்வு இருக்கும். கீசரைப் போட்டால் அதிலிருந்து தண்ணீர் சொட்டும். ‘லீக் ஆகுது’ என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு.

ஏன் சொட்டுது?

சூடானால் தண்ணீர் விரிவடையும். 15 லிட்டர் கீசரில் 25 டிகிரி தண்ணீர் 65 டிகிரிக்குச் சூடானால், சுமார் கால் லிட்டர் கூடுதலாகிவிடும். இது ஒருவழி வால்வு என்பதால், வந்த வழியே அது திரும்பவும் முடியாது. எனவே, அழுத்தம் அதிகமானால் இந்த சேஃப்டி வால்வு திறந்து வெளியேற்றிவிடும்.

அடைச்சா என்ன ஆகும்?

கூடவே தெர்மோஸ்டாட்டும் பழுதானால், டேங்க் வெடிக்கும் அபாயம் இருக்கு!

சூடாகும்போது மட்டும் சொட்டினால் நார்மல்தான். ஆஃப் செய்த பிறகும் சொட்டிக்கிட்டே இருந்தா, உடனே பிளம்பரைக் கூப்பிடுங்க.