பனித்தரை தந்த பாடம்

ஹாக்கி என்றதும் நம் மனக்கண்முன் வருவது பரந்த மைதானமும் பக்கத்துக்கு 11 பேர் கொண்ட அணிகளுமே. கனடா நாட்டிலோ அச்சொல் பனிக்கட்டியின் மேல் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியையே குறிக்கும். ஏரிகளும் குளங்களும் குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடக்கும் அந்நாட்டில், சிறுவர் சிறுமியர் மிக இளவயதிலேயே சறுக்குக் காலணிகளை அணிந்து இவ்விளையாட்டைப் பழகத் தொடங்குகின்றனர். அந்நாட்டு இளையோர் அணி உலகப் போட்டிகளில் கண்ட ஏற்றத்தாழ்வுகள் மாணவியராகிய நமக்கும் பயன் தருவன. அவற்றைச் சிறிது காண்போம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கோல் காப்பாளர் உட்பட ஓர் அணிக்கு 6 பேர் களத்தில் நிற்பர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. அதன் எடை ஏறத்தாழ 170 கிராம். ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் நடைபெறும். முழு வேகத்தில் நெடுநேரம் சறுக்கியோட எவராலும் இயலாது. ஆகவே வீரர்கள் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே களம் மாறி மாறி வருவர். மற்றவர்கள் பெஞ்சில் காத்திருப்பர். விதியை மீறியவர் பெரும்பாலும் 2 நிமிடம் தனியே ஒரு கூண்டில் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். ஒருவர் பிழைக்கு அனைவரும் விலை கொடுப்பது இவ்விளையாட்டின் நியதி.

இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி 1974 முதல் மூன்றாண்டுகள் வெள்ளோட்டமாக நடந்தது, 1977-இல் அதிகாரபூர்வமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாளையொட்டித் தொடங்கிப் புத்தாண்டின் முதல் வாரத்தில் முடியும் இப்போட்டி, கனடிய இல்லங்களில் பண்டிகைக் கால வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஐஸ் ஹாக்கியைத் தம் சொந்த விளையாட்டாகக் கருதிய கனடியர்கள் இதில் எளிதாக வென்றிருப்பார்கள் என நாம் எண்ணலாம். நடந்ததோ வேறு. 1977 முதல் 1980 வரை நான்கு முறையும் சோவியத் யூனியனே வாகை சூடியது. காரணம் என்ன? கனடாவில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்நாடு பெரும்பாலும் ஏதேனும் ஒரு கிளப் அணியையே சிற்சில வீரர்களைச் சேர்த்து அனுப்பி வந்தது. 1978-இல் மட்டும் பல அணிகளிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வேய்ன் கிரெட்ஸ்கி அப்போது 16 வயதுச் சிறுவர். போட்டியிலேயே மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் அவரே. ஆயினும் கிடைத்தது வெண்கலம்தான். மீண்டும் பழைய முறைக்கே திரும்பினர். அடுத்த மூன்றாண்டுகளில் முறையே 5, 5, 7 ஆகிய இடங்களே கிட்டின.

தனிமரம் தோப்பாகாது என்பதை அப்போது உணர்ந்தனர். நாடு முழுவதிலுமிருந்து சிறந்த இளைஞர்களைத் தேர்ந்து, கோடைக்காலத்திலேயே முகாம் நடத்தி, ஓரணியாகப் பழக்கும் திட்டம் உருவாயிற்று. டேவ் கிங் பயிற்சியாளரானார். பலன் அந்த ஆண்டே தெரிந்தது. 1982 போட்டியில் சோவியத் அணியை 7–0 என்று வென்ற கனடா, செக்கோஸ்லோவாகியாவுடன் 3–3 எனச் சமன் செய்து முதல் தங்கத்தைப் பெற்றது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் நடந்த அவ்விறுதி நாளில் கனடாவின் தேசிய கீத இசைத்தட்டு அரங்கில் இல்லை. வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று, தங்கள் குரலாலேயே அதைப் பாடினார்கள்.

ஆனால் கூடிப் பழகினால் மட்டும் போதுமா? 1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாகியாவின் பியெஷ்டானி நகரில் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. சோவியத் அணியுடன் ஆடிய கனடா 4–2 என முன்னணியில் இருந்தது. தோற்றாலும் வெண்கலம் உறுதி. 5 கோல் வித்தியாசத்தில் வென்றால் தங்கம். இந்நிலையில் இருவருக்கிடையே மூண்ட சண்டை பெரிதாகி, இரு பெஞ்சுகளிலிருந்தும் வீரர்கள் களத்தில் பாய்ந்தனர். நடுவர்களால் அடக்க இயலவில்லை; அவர்கள் வெளியேறினர். அரங்கத்தின் விளக்குகளை அணைத்துப் பார்த்தனர். இருளிலும் அடிதடி நிற்கவில்லை. முடிவில் இரு அணிகளும் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டன. கையில் இருந்த பதக்கம் சில நிமிடச் சினத்தில் பறிபோயிற்று. தங்கம் பின்லாந்துக்குச் சென்றது.

அந்த அமளியில் பியேர் டர்ஜன் என்ற 17 வயதுக் கனடிய வீரர் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். துணைக்கு வரவில்லை என்று சக வீரர்கள் சிலர் அவரைக் கடிந்துகொண்டனர். அவரோ நெடுங்காலம் சிறப்பாக ஆடி, 2023-இல் ஹாக்கிப் புகழ் மன்றத்தில் இடம் பெற்றார். எல்லோரும் எழும்போது எழாமல் இருப்பதற்கும் துணிவு வேண்டும் அல்லவா?

மறு ஆண்டு போட்டி மாஸ்கோவில் நடந்தது. முன்னாண்டு யாரோடு கைகலந்தார்களோ அவர்களையே, அவர்கள் மண்ணிலேயே, கனடா 3–2 என ஆட்டத்தால் வென்று தங்கம் பெற்றது. பின்னர் 1993 முதல் 1997 வரை தொடர்ந்து ஐந்து தங்கங்கள்! அடுத்த ஆண்டே கஜகஸ்தானிடமும் தோற்று 8-ஆம் இடத்துக்கு இறங்கியது. 2005 முதல் 2009 வரை மீண்டும் ஐந்து தங்கங்கள். 2009-இல் ரஷ்யாவுக்கு எதிரான அரையிறுதியில் தோல்வி உறுதி எனத் தோன்றியபோது, 5.4 விநாடியே எஞ்சியிருக்க ஜோர்டன் எபர்லி கோல் அடித்துச் சமன் செய்தார். 2011 இறுதியாட்டத்திலோ 3–0 என முன்னணியில் இருந்த கனடா, கடைசிப் பகுதியில் ஐந்து கோல்கள் வாங்கி அதே ரஷ்யாவிடம் தோற்றது. இத்தனைக்கும் பிறகு 2023-இல் 20-ஆவது தங்கத்தை எட்டியது.

பெண்கள் பங்கையும் சொல்லாமல் விடலாகாது. 18 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகப் போட்டி 2008-இல்தான், கனடாவின் கால்கரி நகரில், முதன்முதலாக நடந்தது. அதில் இரண்டாமிடம் பெற்ற கனடியப் பெண்கள் 2010-இல் தங்கம் வென்றனர். பெருந்தொற்றின் காரணமாக 2022 ஜனவரியில் நடைபெறவிருந்த மகளிர் போட்டி கைவிடப்பட்டது. ஆடவர் போட்டியை மட்டும் தொடங்குவதா என்று பலர் கேள்வி எழுப்பினர். அதன்பின் மகளிர் போட்டி அவ்வாண்டு ஜூனில் அமெரிக்காவில் நடத்தப்பட்டது. கனடியப் பெண்களே அதில் தங்கம் வென்றனர்.

திறமை இருந்தும் கூடிப் பழகாததால் சில ஆண்டுகள் தோற்றார்கள். கூடிப் பழகியும் அடக்கம் தவறியதால் ஓராண்டு அனைத்தையும் இழந்தார்கள். அடுத்த ஆண்டு அவ்விரண்டோடும் களமிறங்கி வென்றார்கள். நம் பள்ளி மைதானத்தில் பனி இல்லை. ஆயினும் வலைப்பந்தோ கோ-கோவோ ஆட இறங்கும்போது பனித்தரை தந்த இப்பாடத்தை நாமும் நினைவில் கொள்வோம்.