இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கிற வலி



"இடுப்புல பிடிச்சு, பின்தொடை வழியா பாதம் வரைக்கும் சுண்டி இழுக்குது. வாயுப் பிடிப்புதான்" என்று குழுக் கூட்டங்களில் சொல்கிறீர்கள். இது வாயு இல்லை, நரம்பு வலி. டாக்டர்கள் 'சயாட்டிகா' என்பார்கள்.

நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு, கீழ் முதுகில் தொடங்கி புட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி 'டிஸ்க்' இருக்கிறது. அது பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தினால் வலி காலில் தெரியும். இருமினால், தும்மினால் கூடும். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுவது, இடுப்பை முறுக்கிக் குடம் தூக்குவது முதுகுக்குப் பெரிய பாரம். வயதானவர்களுக்கு எலும்புத் தேய்மானத்தாலும் வரும்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். படுத்தே கிடக்காதீங்க, முடிந்த அளவு நடங்க. முதுகை மிதிக்கச் சொல்வது, முரட்டுத்தனமாக உருவுவது கூடாது. குடத்தை முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்க. வலி குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க.

ஆனால் ஒன்றுக்கு வராமல் அடைத்தாலோ, தானாகப் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. உடனே 108-ஐக் கூப்பிட்டு, அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்க. வெட்கப்பட்டு மறைத்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். தனியாக அனுப்பாமல், குழுவில் ஒருவர் கூடப் போங்க.