மென்பொருள் பாடங்களைக் காக்கும் குறியீடுகள்

மென்பொருளைக் கற்றுத்தரும் இணையப் பாடங்கள் பலவும் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதப்படுகின்றன. ஜான் குரூபர் 2004-ல் இதை வெளியிட்டார். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி (#) இட்டால் அது தலைப்பு. சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி இட்டால் தடித்த எழுத்து. கோப்பை எந்த எடிட்டரிலும் திறக்கலாம். குறிகளோடு படித்தாலும் பொருள் விளங்கும். விதிகள் முழுமையாக வரையறுக்கப்படாததால் ஒரே கோப்பு தளத்துக்குத் தளம் வேறு மாதிரி தெரிந்தது. அதைச் சீர்செய்ய 2014-ல் காமன்மார்க் என்ற பொது வரையறை வந்தது.

பயிற்சிக்கும் விடைக்கும் தனிக் குறி

பாடத்துக்குப் பயிற்சி, விடை, எச்சரிக்கை, ஆசிரியர் குறிப்பு ஆகியவையும் தேவை. அவற்றுக்கு மார்க்டவுனில் குறி கிடையாது. அதனால் பாடக் குழுக்கள் தங்களுக்கென்று மரபுகளை வகுத்துக்கொள்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1998-ல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி இதற்கு நல்ல சான்று. அதன் பழைய முறையில் பயிற்சியின் ஒவ்வொரு வரியும் '>' குறியோடு தொடங்கும். உள்ளே விடை வந்தால் இரண்டு குறிகள். குறி ஒன்று விட்டுப்போனால் பயிற்சிப் பெட்டியே குலையக்கூடும். 2023-ல் வந்த புதிய முறையில் மூன்று முக்காற்புள்ளிகளும் (:::) பகுதியின் பெயரும் இட்டுத் தொடங்கி, மீண்டும் மூன்று முக்காற்புள்ளிகளோடு முடித்தால் போதும்.

'விடை' என்று குறித்த பகுதி மூடியிருக்கும். மாணவர் சொடுக்கினால் திறக்கும். ஆசிரியர் குறிப்பு ஆசிரியர் பக்கத்தில் மட்டும் தெரியும். ஒரு பகுதி எப்படித் தோன்ற வேண்டும் என்பதைவிட, அது என்ன என்பதைக் குறிப்பதே இந்த மரபின் பலம். பகுதிகளுக்குச் சீரான பெயர்கள் இருந்ததால்தான் பழைய பாடங்களை நிரலைக் கொண்டே புதிய முறைக்கு மாற்ற முடிந்தது.

பராமரிப்பு

பாடம் எழுதுவது ஒருமுறை, பராமரிப்பது ஆண்டுக்கணக்கில். மென்பொருளின் பதிப்பு மாறினால் கட்டளைகளும் மெனுக்களும் திரைப்பிடிப்புகளும் பழையவையாகிவிடும். இதற்கு ஒரு தீர்வைக் காட்டும் ரஸ்ட் நிரலாக்க மொழியின் அதிகாரப்பூர்வ நூலும் மார்க்டவுனில்தான் எழுதப்படுகிறது. அதன் நிரல் எடுத்துக்காட்டுகள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன; ஒரு சிறப்புக் குறி அவற்றைப் பக்கத்துக்குள் கொண்டுவருகிறது. அவற்றைக் கணினியே இயக்கிச் சோதிக்கிறது. பழுதானவை உடனே தெரிந்துவிடும்.

மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் விக்கிப் பக்கங்களில் வேறொரு மரபைப் பின்பற்றுகிறது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய இத்திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் இரண்டு பத்தி அட்டவணையாக எழுதப்படும்: இடப்புறம் திரையில் தெரிவது, வலப்புறம் பேசுவது. பயன்படுத்திய இயங்குதளமும் மென்பொருள் பதிப்பும் தொடக்கத்திலேயே சொல்லப்படும். பதிவுக்கு முன் அந்த மென்பொருள் தெரியாத ஒருவர் எழுத்துப்படியைப் பின்பற்றிச் சரிபார்ப்பார். தமிழாக்கத்தில் குரல் மட்டும் மாறும். திரை அப்படியே இருக்கும். குடியாத்தத்தில் ஒரு கல்லூரி மாணவி பக்கத்திலேயே மென்பொருளைத் திறந்துவைத்துப் படிப்படியாகச் செய்துபார்க்கையில் தன் திரை வேறுபட்டால், பதிப்பு எண்ணைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கலாம்.

2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ்ப் பாடங்களை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறது. இப்படிப்பட்ட உரிமம் இருந்தால் மூல ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம். எளிய உரைக் கோப்பு என்றால் எந்த வரி, யாரால், எப்போது மாறியது என்பதை கிட் (Git) போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவி காட்டிக்கொடுக்கும். தெளிவான குறியீடு, பதிப்பு எண், தானியங்கிச் சோதனை, திருத்தும் உரிமை ஆகிய நான்கும் சேர்ந்தால் தமிழில் எழுதும் மென்பொருள் பாடம் பல பதிப்புகளைக் கடந்தும் பயன்படும்.